பிப்ரவரியில் பனிச்சறுக்கு: கொலராடோவா, யூட்டாவா?

கேள்வி: நாலு நாள், நாலு பேர். ரெண்டு பேருக்குப் பனிச்சறுக்கு புதுசு, ஒருத்தர் ஸ்னோபோர்டு (ரெண்டு காலும் ஒரே பலகையில் வெச்சு சறுக்குறது). கொலராடோவில் இருக்கிற பிரெக்கன்ரிட்ஜா, யூட்டாவில் இருக்கிற பார்க் சிட்டியா?

பதில் 1: நாலே நாள்னா பார்க் சிட்டிதான். பிரெக்கன்ரிட்ஜ் ஊரே 9,600 அடி உயரம். தலைவலி, தூக்கமின்மைன்னு முதல் நாள் வீணாகலாம். பார்க் சிட்டி 7,000 அடிதான், சால்ட் லேக் விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம். பிரெக்கன்ரிட்ஜுக்கு டென்வரிலிருந்து போற ஐ-70 நெடுஞ்சாலை சனிக்கிழமை காலையில் நகரவே நகராது.

பதில் 2: பார்க் சிட்டி பக்கத்து பனிச்சறுக்கு மையங்களான ஆல்டா, டீர் வேலி ரெண்டிலும் ஸ்னோபோர்டுக்கு அனுமதியில்லை. ஸ்னோபேர்டு மையத்தில் உண்டு, ஆனா பனிச்சரிவு அபாயம் இருந்தா அங்கே போற பள்ளத்தாக்குச் சாலையை மூடிடுவாங்க. பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமையை (அதிபர்கள் தினம்) ஒட்டிய விடுமுறையைத் தவிருங்க, கூட்டம் தாங்காது.

பதில் 3: புதியவங்க பூட்ஸ் அளவில் கவனமா இருங்க. மெல்லிய சாக்ஸ் ஒண்ணே போதும்; ரெண்டு போட்டா மடிப்பு விழுந்து கொப்புளம் வரும். முழங்காலை மடக்கி முன்னால சாயும்போது கால்விரல் நுனி பூட்ஸோட உள் முன்பக்கத்தை விட்டு லேசா விலகணும், குதிகால் எழும்பக் கூடாது. எழும்பினா ஒரு அளவு சின்னது கேளுங்க.