ஊரில் நிற்கும் கான்டெஸா: எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதா, வெளியில் விற்பதா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மெல்போர்ன் வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை அண்ணா. ஊரில் என் 1986 கான்டெஸா நிற்கிறது, ஆர்.சி. என் பெயரில். இசுசூ 1.8 இன்ஜின் ஏற்றி, சஸ்பென்ஷன் இறக்கி, பக்கெட் சீட், அலாய் வீல் எல்லாம் போட்டிருக்கிறேன். அப்பா புது கார் புக் செய்கிறார். பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறோம் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். கோயம்புத்தூரில் ஒருவர் நேரடியாகவும் கேட்கிறார். என்ன செய்யட்டும்?

தம்பி, விலை அப்புறம். முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜின் நம்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள். அதை ஆர்.சி.யில் இருக்கும் நம்பரோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுதான் என்றால் ஷோரூம், வெளி ஆள் இரண்டு வழியும் உங்களுக்கு இருக்கிறது. வேறு வேறு என்றால் இன்றைக்கு ஒரு வழியும் இல்லை.

1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவைக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது அம்பாஸடரின் 1.5 லிட்டர் இன்ஜின். உடம்போ இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டருடையது. அந்தப் பெரிய உடம்பை இழுக்க அந்த இன்ஜினுக்குத் தெம்பு போதவில்லை. பின்னால் கம்பெனியே ஜப்பானின் இசுசூ இன்ஜினைப் போட்ட பிறகுதான் வண்டி முகத்துக்கேற்ற ஓட்டம் ஓடியது. அதனால் பழைய மாடல் வைத்திருந்தவர்கள் இசுசூவைத் தேடியதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் வளர்ந்த பையன்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே நீண்ட மூக்கு வைத்த அந்த வண்டிதான்.

ஆனால் சட்டம் ரசனையைப் பார்க்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது, அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்கில். அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றும் சேர்த்தார்கள். இன்ஜின் மாற்றியபோது ஆர்.டி.ஓ. ஆபீசில் ஏற்றியிருந்தால் பில், பழைய ஆர்.சி. நகல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடச் சொல்லுங்கள். ஏற்றவில்லை என்றால், பெயர் மாற்றத்துக்குப் போகும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் நேரில் கேட்டுவிட வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பழைய இன்ஜினைத் திரும்ப ஏற்றித்தான் விற்க முடியும். அந்த 1.5 இன்ஜின் ஷெட்டில் எங்காவது சாக்கைப் போர்த்திக் கிடக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். பழைய இரும்புக்காரருக்கு யாரும் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது.

ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தேதி நெருங்கியிருந்தால் வாங்குகிறவர் அதைச் சொல்லியே விலையை இறக்குவார்.

இப்போது ஷோரூம் விஷயம். அவர்கள் உங்கள் வண்டிக்குப் போடும் விலையில் இசுசூவும் இருக்காது, பக்கெட் சீட்டும் இருக்காது. மாடல் வருடத்தைப் பார்ப்பார்கள், அவர்களிடமிருந்து வாங்கப்போகும் புரோக்கர் என்ன தருவான் என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். 2002-லேயே உற்பத்தி நின்ற வண்டி இது, அவர்கள் கம்ப்யூட்டரில் இதற்கு விலைப் பட்டியலே இருக்காது. எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று ஒரு தொகையைப் பெரிதாக எழுதிக் காட்டுவார்கள். அப்பாவிடம் ஒன்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: பழைய வண்டியே கொடுக்காமல் இந்தப் புது காரை எடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்? இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கான்டெஸாவுக்கு உண்மையில் கிடைக்கும் விலை.

இருந்தாலும் எக்ஸ்சேஞ்சை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. வயதான அப்பா தனியாக இருக்கிறார், தெரியாத ஆட்கள் வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு. அப்படிக் கொடுத்தால், அவர்கள் பழைய வண்டி வாங்கி விற்க அங்கீகாரம் பெற்ற டீலரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய விதிப்படி, அங்கீகாரம் உள்ள டீலரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்த விவரத்தை ஃபார்ம் 29சி-யில் பதிவு செய்தால், அதன் பிறகு வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. அது இல்லாமல் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓட்டிப் போவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால் வெளியில் விற்பதுதான் சரி. நம் பக்கத்தில் அதற்கு ஆள் இருக்கிறார்கள். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர், செட்டிப்பாளையத்தில் கார் பந்தயம் நடக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, லேத் பட்டறையிலேயே வளர்ந்த தலைமுறை இருக்கிறது. கான்டெஸாவின் டெயில் லேம்ப், கண்ணாடி பீடிங் எல்லாம் இப்போது எவ்வளவு தேட வேண்டியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் செய்த வேலையைப் புரிந்துகொண்டு காசு கொடுக்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

அவர்களும் மாற்றத்துக்குச் செலவழித்த காசைத் திருப்பித் தரமாட்டார்கள். ஒருவருக்குப் பிடித்த சீட் இன்னொருவருக்குப் பிடிக்காது. அதே நேரம் கம்பெனி ஸ்டியரிங், கம்பெனி ரிம், பழைய ஸ்பிரிங், வீல் கப் நான்கும் பத்திரமாக இருக்கிறது என்றால் விலை ஏறும். வண்டியைப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம் என்ற தைரியம் வாங்குகிறவருக்கு வருகிறது. சஸ்பென்ஷனைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்து, அலாய் வீலைத் தனியாக விற்பது பல நேரம் லாபமாக இருக்கும்.

விவரம் தெரிந்தவர் வந்தால் பெயின்டைப் பார்க்கமாட்டார். காலடியில் விரித்த கார்பெட்டைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தகரத்தைத் தட்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் நல்ல தகரம், மொத்தென்று கேட்டால் அடியில் துரு, மேலே பட்டி. டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்து அந்தக் குழியில் ஈரம் நிற்கிறதா என்று விரலை வைப்பார். கதவின் கீழ் விளிம்பைத் தடவுவார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு ஆடி மாதம் முழுக்கச் சாரல் அடிக்கும் ஊர் நம்முடையது. ஓடு வேய்ந்த ஷெட்டில், மண் தரையில் நிற்கும் வண்டிக்கு அந்த ஒரு மாதமே போதும். அதனால் மழைக்கு முன் விற்பது நல்லது. அதுவரை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் மட்டும் போதாது, கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று ஓட்டும் முன் பார்க்க வேண்டும்.

விலை பேசி முடித்த பிறகு வருவதுதான் நம் எல்லைக்காரர்களுக்கே உள்ள பிரச்சினை. கோயம்புத்தூர்க்காரர் வாங்கினால் வண்டி கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிறது. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29-ம் 30-ம் மட்டும் போதாது, ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும். வரி பாக்கி, கேமராவில் விழுந்த அபராதம் ஏதாவது இருந்தால் என்.ஓ.சி. நிற்கும். தமிழ்நாட்டில் அவர் மறுபதிவு செய்து அங்கே வரி கட்ட வேண்டும். இந்தச் செலவு யாருடையது என்று அட்வான்ஸ் வாங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

என்.ஓ.சி. மட்டும் வாங்கிக்கொண்டு, வாளையார் எல்லையைத் தாண்டியதும் கேரளத்தின் கேஎல் நம்பரிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அங்கேதான் உங்களுக்கு ஆபத்து. விற்றுவிட்டாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்கு உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நீங்கள் மெல்போர்னில் ஷிஃப்டில் இருப்பீர்கள், ஊரில் அப்பா கோர்ட் சம்மன் வாங்குவார். அதனால் கடைசித் தவணையை, மறுபதிவு முடிந்து புது ஆர்.சி. நகல் கைக்கு வந்த பிறகு உள்ள தொகையாக வைக்காதீர்கள். முழுப் பணமும் முதலிலேயே வாங்கிவிட்டு, அதிலிருந்து ஒரு தொகையைப் புது ஆர்.சி. காட்டினால் திருப்பித் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அவர் ஓடுவார்.

நீங்கள் இங்கிருந்து செய்ய வேண்டியது: ஊர் சிம்மை உயிரோடு வைத்திருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். உங்கள் சார்பில் கையெழுத்துப் போட அப்பாவுக்குப் பவர் கொடுப்பதானால் மெல்போர்ன் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்தை அட்டெஸ்ட் செய்து அனுப்புங்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பணத்தை உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கே (வெளிநாட்டில் இருப்பவர் ஊர்ப் பணத்துக்கு வைக்கும் வங்கிக் கணக்கு) போடச் சொல்லுங்கள். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றதில் வரும் லாபத்துக்கு ஊரில் வருமான வரி கிடையாது, அந்தப் பயம் வேண்டாம்.

கப்பலில் இங்கே கொண்டுவரலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 25 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆஸ்திரேலியாவில் அனுமதி கேட்கலாம், அது சரி. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் எந்தப் பொருளையும் உள்ளே விடமாட்டார்கள். பழைய பிரேக் லைனிங், கிளட்ச், கேஸ்கட் ஒவ்வொன்றையும் சோதித்து மாற்றி நிரூபிக்க வேண்டும். புதிதாக வந்து வாடகை கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தச் செலவை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அப்பாவே வைத்துக்கொள்ளட்டும், பிறகு வின்டேஜ் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால், வின்டேஜ் பதிவுக்கு 50 வருடம் ஆக வேண்டும், இன்ஜினும் பாடியும் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு 2036 வரை காத்திருந்தாலும் இசுசூவோடு அது கிடைப்பது கஷ்டம்.

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு தங்கை: என் அப்பா இறந்துவிட்டார் அண்ணா. அவர் பெயரில் ஒரு பழைய பத்மினி கார் இருக்கிறது, நான் துபாயில், அம்மா ஊரில். வாங்க ஆள் ரெடி. அவர் பெயரிலிருந்தே நேராக மாற்றிக்கொடுக்கலாம் என்கிறார் புரோக்கர்.

கூடாதும்மா. இறந்தவர் பெயரில் ஃபார்ம் 29 போடவே முடியாது. யாராவது போட்டுத் தருகிறேன் என்றால் அது கள்ளக் கையெழுத்து, மாட்டுவது அம்மா. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வாங்கி, ஃபார்ம் 31-ல் முதலில் அம்மா பெயருக்கு மாற்றுங்கள். மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் எழுதி வாங்கிவிடுங்கள். இறந்த 30 நாளில் தகவல் சொல்லி, மூன்று மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாமதமாகியிருந்தால் அபராதம் கட்டிச் செய்யலாம். வாங்குகிறவர் உண்மையில் வண்டியை விரும்புகிறவர் என்றால் அதுவரை காத்திருப்பார். இன்ஷூரன்ஸையும் அம்மா பெயருக்கு மாற்றும் வரை யாரையும் ரோட்டில் ஓட்டிப் பார்க்க விடாதீர்கள்.