வரிக்கு ஒரு மோர்ஓவர் போட்டு வாங்கிக் கட்டிக்கிட்ட கதை, உங்களுதும் சொல்லுங்க

ராயபுரம் தான் நமக்கு. ஐஇஎல்டிஎஸ்னு வெளிநாடு போறவங்க எழுதுற இங்கிலீஷ் பரீட்சைக்கு தண்டையார்பேட்டைல ஒரு மாடி ரூம்ல கோச்சிங் சேந்தேன், டாஸ்க் 2ன்னு வர்ற கட்டுரைல 40 நிமிஷத்துல 250 வார்த்தயாச்சும் எழுதணும், மார்க்குல கால்வாசி கோர்வைக்கு தான்னு சொன்னாங்களா, நானும் மோர்ஓவர் ஃபர்தர்மோர் ஹவெவர்னு வரிய ஒட்டுற வார்த்தைங்க பெரிய லிஸ்ட்ட மனப்பாடம் பண்ணி வரிக்கு ஒண்ணு சொருவிட்டேன். "பிளாஸ்டிக் கடல்ல கலக்குது. மோர்ஓவர் மீன் சாவுது." இப்டி எழுதி வச்சிருந்தேன். சார் பாத்துட்டு, "ஏம்பா, காசிமேட்டு மீனவங்க கிட்ட போய் பிளாஸ்டிக் கலக்குது, அத்தோட மீனும் சாவுதுன்னு சொல்லுவியா? அதனால தான சாவுது?"ன்னாரு. அங்க ஆஸ் எ ரிசல்ட் வரணுமாம். அப்புறம் பென்சில எடுத்து ஒவ்வொண்ணா அடிச்சிட்டு படிக்க சொன்னாரு, ஒன்பது ஒட்டு வார்த்தைல ஏழு இல்லாமயே நல்லா புரியுது. 9 பேண்ட், அதான் உச்ச மார்க், வேணும்னா இந்த ஒட்டு வேல கண்ணுக்கே தெரியக் கூடாதாம், நான் சீரியல் லைட் போட்டு காட்டினு இருந்துருக்கேன்.

---

அண்ணா எனக்கு ஆல்தோ தான் வில்லன். ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் ஐ கேம். டிகிரி முடிக்கிற வரைக்கும் இப்டி தான் எழுதுனேன், ஆல்தோ, பட் ரெண்டுல ஒண்ணு தான் வரணும்னு ஒருத்தரும் சொல்லல. நம்ம "மழ பெஞ்சாலும்", "நான் வரசொல்ல" எல்லாத்துலயும் ஒட்டு கடைசில வருது, அடுத்த விஷயத்துக்கு பக்கத்துலயே கொக்கி போட்டுடும். இங்கிலீஷ்ல ஆல்தோவ முதல்லயே போட்டுடறமா, பாதி வழி வரசொல்ல அது மறந்து போய் ஒரு "பட்"ட தூக்கி நடுவுல வச்சிட்றோம். என் கணக்கு இது, சரியான்னு யாராச்சும் சொல்லுங்க. டெஸ்பைட் ஆஃப் தனி கத, அதுல ஆஃப் வரவே கூடாது.

---

ரெண்டு பேரும் பரீட்சைல மாட்னீங்க, நான் ஆபீஸ்ல. திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டு வேல. "பாக்ஸ் வந்துருச்சு, ஹவெவர் டெலிவரி ஆர்டர் வரல"ன்னு இங்கிலீஷ்ல ஒரே வரியா கமா மட்டும் வச்சி பார்ட்டிக்கு மெயில் போட்டேன். மேனேஜர் என்னைய கூப்ட்டு, "பட் மாதிரி கமா போட்டு இத ஒட்ட முடியாதுப்பா, இது கன்ஜங்ஷனே இல்ல, முன்னாடி ஃபுல் ஸ்டாப்போ செமிகோலனோ வை, பின்னாடி கமா வை"ன்னாரு. கீபோர்டுல எல் பட்டனுக்கு பக்கத்துல செமிகோலன்னு ஒண்ணு இருக்குறதையே அன்னிக்கு தான் பாத்தேன்.