'கொலவெறி'க்குப் பின்னால நின்ன பாட்டுங்க

2011 நவம்பர்ல 'ஒய் திஸ் கொலவெறி டி' வந்தப்போ எங்க ஹாஸ்டல்ல யாருக்குப் போன் போட்டாலும் அதுதான் காலர் ட்யூன். ஒரே மாசத்துல காது புளிச்சுப் போச்சு. அதனால '3' படத்தோட மத்த பாட்டெல்லாம் வந்தப்போ கேக்கணும்னே தோணல. மெமரி கார்டுல பாட்டு ஏத்தித் தர்ற கடைக்கார அண்ணன்தான், நான் கேக்காமலே மொத்த ஃபோல்டரையும் போட்டு விட்டாரு.

ஊருக்குப் போற ராத்திரி பஸ்ல அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்தப்போ 'போ நீ போ' வந்துச்சு. அனிருத்தும் மோஹித் சௌகானும் பாடினது. சௌகானுக்குத் தமிழ் தாய்மொழி இல்லன்னு உச்சரிப்புலயே தெரியும். வேற பாட்டா இருந்தா உறுத்தியிருக்கும். இங்க, தொண்டை அடைச்சுக்கிட்டு வார்த்தை வராதவன் பாடுற மாதிரியே இருக்கு. ரொம்ப மெதுவா ஆரம்பிச்சு, போகப் போக கிதாரும் டிரம்ஸும் ஏறி வரும். இறங்குற வரைக்கும் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

அப்புறம்தான் மத்ததுக்குப் போனேன். விஜய் யேசுதாஸ், ஸ்வேதா மோகன் பாடின 'நீ பார்த்த விழிகள்' பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. எனக்கு அதைவிட 'கண்ணழகா' ஒரு படி மேல. தனுஷும் ஸ்ருதியும் பாடுறதைவிட, பக்கத்துல உக்காந்து பேசிக்கிற மாதிரிதான் இருக்கும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு துணைத் தலைப்பு இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? 'நீ பார்த்த விழிகள்' - 'தி டச் ஆஃப் லவ்'. 'போ நீ போ' - 'தி பெயின் ஆஃப் லவ்'. நம்ம கொலவெறி வெறும் 'தி சூப் ஆஃப் லவ்'! மொத்தமா கேட்டா ஒரே காதலோட தொடக்கமும் முடிவும்தான். அதுல கொலவெறி நடுவுல வர்ற ஒரு கேலி, அவ்வளவுதான். ஆனா ஊரே அந்தக் கேலியை நம்பி, ஜாலியான படம்னு 2012 மார்ச்ல தியேட்டருக்குப் போச்சு. உள்ள பைபோலார் நோயில தவிக்கிற ஹீரோ. பலரும் ஏமாந்த மாதிரிதான் வெளிய வந்தாங்க, பாட்டையும் சேர்த்து மறந்துட்டாங்க.

இத்தனைக்கும் இது அனிருத்ங்கிற 21 வயசுப் பையன் இசையமைச்ச முதல் ஆல்பம். 'போ நீ போ' ரீமிக்ஸை மட்டும் தவிர்த்திருக்கலாம்.

உங்கள்ல யாராவது கொலவெறியே கேக்காம நேரா இந்தப் பாட்டுகளுக்கு வந்தவங்க இருக்கீங்களா?