செம்பருத்தியில் மாவுப்பூச்சிக்கு நடுவே ஊரும் வெள்ளைப் புழு: இது என்ன?

மாடித்தோட்டக்காரி (பொள்ளாச்சி):
எங்கள் செம்பருத்தியில் இரண்டு வாரமாக மாவுப்பூச்சி. மொட்டுக் காம்பெல்லாம் பஞ்சு அப்பியதுபோல் இருக்கிறது. இன்று காலை அதற்குள்ளே வேறொன்றைப் பார்த்தேன். அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, நத்தைபோல் தட்டையான உடம்பு, மேலெல்லாம் வெள்ளை மாவு. ஈர்க்குச்சியால் தொட்டதும் மாவு உதிர்ந்து பச்சை கலந்த சாம்பல் நிறத் தோல் தெரிந்தது. வேப்பெண்ணெய் கரைத்து வைத்திருக்கிறேன், சாயங்காலம் அடிக்கப் போகிறேன். இதுவும் சாகுமா?

மரவள்ளிக்காரர்:
அது தாய் மாவுப்பூச்சி அம்மா. கூச்சப்படாமல் அடியுங்கள். லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும்.

பூச்சிப்பித்தன்:
அம்மா, கொஞ்சம் பொறுங்கள். தாய் மாவுப்பூச்சி அரிசி அளவைத் தாண்டாது. எனக்குக் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு என்று தோன்றுகிறது. மாவுப்பூச்சியைத் தின்பதற்காகவே வளர்த்து விடுகிறார்கள். ஆனால் அதற்கு உடம்பெல்லாம் வெள்ளை நூல் தொங்கும், தொட்டால் குடுகுடுவென்று ஓடும். உங்களுடையது ஓடுகிறதா?

மாடித்தோட்டக்காரி:
ஓடவில்லை, ஊர்கிறது. காலே தெரியவில்லை, நூலும் இல்லை. இன்னொன்று, சிரிக்காதீர்கள். பக்கத்து இலையில் மிளகளவில் பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு கண், நடுவில் மூக்கு, அச்சு அசல் குரங்கு முகம். என் மகன் அனுமார் என்று கும்பிடுகிறான்.

பூச்சிப்பித்தன்:
அப்படியானால் நான் சொன்னது தவறு. மகன் சொன்னதுதான் கிட்டத்தட்டச் சரி! அது ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்ற சிறிய பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு. அதன் ஆங்கிலப் பெயரிலேயே குரங்கு இருக்கிறது. நீங்கள் காலையில் பார்த்தது அதே இனத்தின் புழு. மற்ற பட்டாம்பூச்சிப் புழுக்களில் பெரும்பாலானவை இலை தின்னும். இது மாவுப்பூச்சியையும் அதன் முட்டையையும் தின்னும். மேலே மாவு பூசிக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே கிடப்பதால் மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரான தேன்துளிக்காக வரும் எறும்பும் பெரும்பாலும் அதைச் சீண்டாது. நமக்கே ஆள் தெரியவில்லையே! தயவுசெய்து எண்ணெய் அடிக்காதீர்கள். புழு இல்லாத கிளையில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

மரவள்ளிக்காரர்:
தம்பி சொல்வது நியாயம். 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது மரவள்ளி, மல்பெரி எதையும் விடவில்லை. நான் மருந்தாக அடித்தேன். அது அடங்கவே இல்லை. 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் மூச்சு வந்தது. இந்த வெள்ளைப் புழுவும் அப்போது என் வயலில் இருந்திருக்கும். பூச்சியோடு சேர்த்து அதையும் கொன்றிருப்பேன்.

மாடித்தோட்டக்காரி:
சரி, அடிக்கவில்லை ஐயா. கரைத்த எண்ணெய் வீணாகிறதே?

மரவள்ளிக்காரர்:
கத்தரிக்கு அடித்துவிடுங்கள் அம்மா. கரைத்தது நாளைக்கு ஆகாது.

மாடித்தோட்டக்காரி (எட்டு நாள் கழித்து):
இன்று காலை பார்த்தால் குரங்கு முகம் பிளந்து வெறும் தோல்தான் இருக்கிறது. பட்டாம்பூச்சியைப் பார்க்க முடியவில்லை. மகனுக்குப் பெரிய ஏமாற்றம். மொட்டுகளில் பஞ்சு பாதியாகக் குறைந்திருக்கிறது. வேறொரு இலையில் இன்னும் இரண்டு அனுமார்கள் இருக்கிறார்கள்.