நூல் எண் தெரிந்தும் அலமாரியில் நூல் கிடைப்பதில்லை: குறிப்பை எப்படி அமைப்பது?

எங்கள் நூலகத்தில் நூல்களுக்குப் பொருள்வாரியாகத் தசம எண் தரும் டியூயி தசம வகைப்பாட்டின்படி நூல்களை அடுக்கியிருக்கிறோம். வாசகர்கள் கணினிப் பட்டியலில் தேடி நூலின் எண்ணைத் தாங்களாகவே குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் அலமாரி முன் தடுமாறி, மீண்டும் உதவி மேசைக்கே வருகிறார்கள். மேசையில் ஆள் குறைந்த கடந்த சில மாதங்களாக இது பெருஞ்சுமையாகியிருக்கிறது. சிக்கல் பெரும்பாலும் புள்ளிக்குப் பின்வரும் இலக்கங்களில்தான்: 510.12 என்பது 510.9-க்கு முன்னால் இருக்கும் என்றாலும், பன்னிரண்டு ஒன்பதைவிடப் பெரியது என்று எண்ணிப் பின்னால் தேடிவிட்டு, நூலே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மாணவர், பெரியவர் என்ற வேறுபாடு இதில் இல்லை.

முதலில் நுழைவாயிலில் ஒரு முழுப்பக்க விளக்கத்தை ஒட்டினோம். யாரும் நின்று படிக்கவில்லை (எண்ணே கையில் இல்லாதபோது அதை ஏன் படிக்க வேண்டும் என்பதும் நியாயமே). பிறகு அதைச் சில வரிகளாகச் சுருக்கிக் கணினியருகே வைத்ததில் தேடும் முறை தெளிவாயிற்று, தசமக் குழப்பம் தீரவில்லை. அலமாரி முனைகளில் பெரிய எழுத்தில் எழுதிய எண் வரம்பு, சரியான அலமாரி வரை கொண்டுசேர்க்கிறது. அதற்கு மேல் உதவவில்லை.

அலமாரித் தட்டில் ஒட்டக்கூடிய, அஞ்சலட்டை அளவுக்கு மேற்படாத குறிப்பில், கணக்குப் பாடம் நடத்தாமல் தசம வரிசையைப் புரியவைத்த வாசகமோ படமோ உங்கள் நூலகத்தில் பலன் தந்திருந்தால், அது எப்படி அமைந்திருந்தது?