ஊரிலிருந்து 'மாடு தீனி எடுக்கவில்லை' என்று அழைப்பு வந்தால்

அன்பார்ந்த ஊர்ச் சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

தோஹாவில் இருக்கும் நம் தம்பி ஒருவர் சென்ற மாதம் இக்குழுவில் எழுதியிருந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். தாயார் வளர்க்கும் கலப்பினப் பசு கன்று ஈன்ற மறுநாள் எழ முடியாமல் படுத்துவிட்டது என்றும், இரவில் ஊரிலிருந்து அழைப்பு வந்தபோது எதைக் கேட்பது, எதைச் சொல்வது என்று தெரியாமல் பணத்தை மட்டும் அனுப்பிவைத்ததாகவும் அவர் வருந்தியிருந்தார். 2004-இல் மாவட்டம் பிரிவதற்கு முன்பும் பின்புமாகத் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருக்கும் எனக்கு, அந்த மடலைப் படித்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

நம் ஊர் வீடுகளின் நிலை உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் நாம் வெளியேறிவிட்டோம். அறுபது வயதைத் தாண்டிய தாயோ தந்தையோ இரண்டு கறவை மாடுகளையும் பத்துப் பன்னிரண்டு ஆடுகளையும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். மாட்டுக்கு ஒன்று என்றால் அவர்கள் முதலில் அழைப்பது மருத்துவரை அல்ல, நம்மைத்தான். ஆகவே அந்த முதல் ஐந்து நிமிடப் பேச்சில் நாம் சரியான கேள்விகளைக் கேட்டு, அதைவிட முக்கியமாகத் தவறான கைவைத்தியத்தைத் தடுத்துவிட்டால், மருத்துவர் வந்து சேரும்வரை அந்த உயிர் தாங்கும்.

தம்பியின் வீட்டுப் பசுவுக்கு வந்தது பால் காய்ச்சல். இந்தப் பெயரே பல மாடுகளைக் கொன்றிருக்கிறது என்று சொல்வேன், ஏனெனில் இந்த நோயில் காய்ச்சல் கிடையாது. கன்று ஈன்ற முதல் மூன்று நாட்களுக்குள், அதிகம் கறக்கும் பசுக்களுக்கு, குறிப்பாக மூன்றாம் ஈற்றுக்கு மேல், சீம்பாலில் சுண்ணாம்புச் சத்து வேகமாக இறங்கிவிடுவதால் இரத்தத்தில் அதன் அளவு குறைந்து தசைகள் வேலை செய்யாமல் போகின்றன. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும். மூக்கு காய்ந்திருக்கும். சாணம் போடாது. கழுத்தை வளைத்துத் தலையை விலாப்பக்கம் சாய்த்துக்கொண்டு, தூங்குவதுபோல் படுத்திருக்கும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. நான் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்த நேரத்தில், ஈன்ற இரண்டாம் நாள் இரவு பசு படுத்துவிட, காய்ச்சல் என்று எண்ணிய உறவினர்கள் மிளகும் சுக்கும் போட்டுக் கஷாயம் காய்ச்சி, நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூங்கில் குழாயில் வாய்வழியாக ஊற்றினார்கள். விழுங்கும் சக்தி இல்லாத மாட்டின் வாயில் ஊற்றியது வயிற்றுக்குப் போகாது. மூச்சுக் குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். நான் வந்து சேர்ந்தபோது மூக்கிலிருந்து கஷாயத்தின் நிறத்திலேயே நுரை வந்துகொண்டிருந்தது. மறுநாள் மாலை அது இறந்தது. அன்பால் செய்ததுதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதே கஷாயம் இன்றும் நம் ஊரில் ஊற்றப்படுகிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இதற்குச் சிகிச்சை மருத்துவர் கால்சியம் மருந்தைக் கழுத்து நரம்பில் (இரத்தக் குழாயில்) மெதுவாக ஏற்றுவதுதான். இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே ஏற்ற வேண்டிய மருந்து. வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும் என்பதால், பழக்கமில்லாதவர் கையில் கொடுக்கக் கூடாது. சரியாக ஏற்றியவுடன் மாடு உடல் நடுங்கி, ஏப்பம் விட்டு, சாணம் போட்டு, பெரும்பாலும் அரை மணி ஒரு மணி நேரத்தில் தானே எழுந்து நிற்பதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். மருத்துவர் வரும்வரை வீட்டில் செய்ய வேண்டியது, மாடு ஒருக்களித்துச் சாய்ந்துவிடாமல் நெஞ்சை ஊன்றி உட்கார்ந்திருக்கும்படி இருபுறமும் வைக்கோல் அடைத்த சாக்குகளை அண்டை கொடுப்பதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றி வைப்பதும் மட்டுமே. இன்னொன்றும் உண்டு: சினை மாட்டுக்கு என்று கடைசி மாதத்தில் கால்சியம் டானிக் வாங்கிக் கொடுக்கப் பலர் பணம் அனுப்புகிறீர்கள். அந்தச் சமயத்தில் மிகுதியாகக் கொடுத்தால், எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும் உடலின் பழக்கம் மந்தமாகி, ஈன்ற பிறகு நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. டானிக்கை ஈன்ற பிறகு, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, தொலைபேசியில் என்ன கேட்பது என்பதைச் சொல்கிறேன். கடைசியாக எப்போது அசை போட்டது, எப்போது சாணம் போட்டது, அது இறுகலா தண்ணீரா, நேற்று வழக்கமாக இல்லாத எதையாவது தின்றதா, ஈன்று எத்தனை நாள் ஆகிறது, பால் எவ்வளவு குறைந்தது, மூக்கின் மேல் வியர்வைத் துளிபோல ஈரம் இருக்கிறதா என்று நிதானமாகக் கேளுங்கள். நலமாக உள்ள மாட்டின் மூக்கு எப்போதும் ஈரமாகவே இருக்கும். இடப்பக்க வயிற்றுப் பள்ளத்தில் கை முட்டியை அழுத்தி வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பொறுத்தால், உள்ளே வயிறு இரண்டு மூன்று முறை உருண்டு தள்ளுவதை உணரலாம். ஒரு முறைகூட உணரவில்லை என்றால் செரிமானம் நின்றுவிட்டது என்று பொருள். திருமணத்திலோ பண்டிகையிலோ மீந்த சோற்றை ஒரே நேரத்தில் நிறையத் தின்ற மாடுகளுக்கு இப்படித்தான் வயிறு புளித்து ஓய்ந்துவிடுகிறது. பாசத்தில் சோறு போடுவதை நம் வீடுகளில் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

இவற்றோடு ஒரு சாதாரண டிஜிட்டல் வெப்பமானி இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆசனவாய்க்குள் சற்றுச் சாய்வாக நுழைத்து, சாணத்துக்குள் குத்திவிடாமல் குடலின் சுவரைத் தொட்டபடி ஒலி வரும்வரை பிடிக்க வேண்டும். மாட்டுக்கு ஏறத்தாழ 101.5 டிகிரி பாரன்ஹீட்டும், ஆட்டுக்கு அதைவிட ஒரு டிகிரி கூடுதலாகவும் இருப்பது இயல்பு. நமக்கு இருந்தால் காய்ச்சல் என்று சொல்லும் அளவு மாட்டுக்கு நலம் என்பதை அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெயிலில் கட்டியிருந்த மாட்டை நிழலில் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். 104-ஐத் தாண்டினால் தொற்று நோயை நினைக்க வேண்டும். 100-க்குக் கீழே இறங்கினால் அது அதைவிட அவசரம்.

மாம்பழக் காலத்தில் நம் பகுதிக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. தோப்பில் உதிர்ந்த பழங்களை மாடு முழுதாக விழுங்கும்போது கொட்டை தொண்டைக் குழாயில் மாட்டிக்கொள்கிறது. வாயில் எச்சில் ஒழுகும், கழுத்தை நீட்டி நீட்டித் தவிக்கும், ஏப்பம் வெளியேற வழியில்லாததால் இடப்பக்க வயிறு பறைபோல உப்பிக்கொண்டு வரும். எண்ணெய் ஊற்றுவதும், குச்சியால் உள்ளே தள்ளுவதும் வேண்டாம். தொண்டைக் குழாய் கிழிந்துவிட்டால் பிழைக்காது. தீனி, தண்ணீர் இரண்டையும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை வரவழைக்க வேண்டும்.

இதைக் குறிப்பிட்டுச் சொல்வதற்கு இன்னொரு காரணம், வெறிநாய் கடித்த மாடும் ஏறக்குறைய இப்படியே தோற்றம் தரும் என்பதுதான். எச்சில் ஒழுகும், தண்ணீரை விழுங்க முடியாது, ஏதோ சிக்கியிருப்பதுபோலத் தெரியும். வீட்டில் உள்ளவர் வாய்க்குள் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பார். பற்களில் உராய்ந்த கையில் வெறிநோய்க் கிருமியுள்ள எச்சில் பட்டுவிடும். கொட்டை சிக்கிய மாடு தின்றுகொண்டிருந்தபோது திடீரென்று தவிக்கத் தொடங்கும். வெறிநோய் கண்ட மாடோ குரல் மாறிக் கரகரப்பாகக் கத்திக்கொண்டே இருக்கும், பின்னங்கால்கள் தள்ளாடும், சில மாடுகள் முட்ட வரும். அண்மையில் நாய் கடித்ததா என்று கேட்கும்போது சில மாதங்களுக்கு முன்பு நடந்ததையும் சேர்த்துக் கேளுங்கள். எந்த ஐயம் இருந்தாலும் வாய்க்குள் வெறுங்கையை விடவே கூடாது. எச்சில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். அந்த மாட்டின் பாலை யாரும் குடிக்க வேண்டாம். நாய் கடித்த மாட்டுக்கும் நோய் வருவதற்கு முன்பே காயத்தைக் கழுவித் தொடர் தடுப்பூசி போட்டால் காப்பாற்றலாம். நோய் வெளிப்பட்ட பிறகு எந்த மருத்துவமும் இல்லை.

தீவனத்தில் வரும் நஞ்சையும் மறந்துவிடக் கூடாது. மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரிலும், அறுத்த கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு மிகுந்திருக்கும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மிகுதியாகப் பயிராகும் மரவள்ளியின் தழையிலும் அதே நஞ்சு உண்டு. மேய்ந்த சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கி, தள்ளாடி விழும். ஈறும் கண்ணின் உட்புறமும் பளிச்சென்று சிவந்திருக்கும். உடனே நரம்பில் நஞ்சு முறிவு மருந்து ஏற்றினால் பிழைக்கும் என்பதால், 'சோளம் மேய்ந்தது' என்ற இரண்டு சொற்களை மருத்துவரிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் மருந்தோடு புறப்படுவார். சோளத்தைப் பூத்த பிறகு அறுத்துக் காய வைத்துப் போட்டால் பயமில்லை.

மடிநோய் மெதுவாக வருவதால் கவனிக்கப்படாமல் போகிறது. கறப்பதற்கு முன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சுகளைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தால், திரித்திரியாகவோ நீர்த்தோ வருவது தெரிந்துவிடும். தொடக்க நிலையில் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்த சிவந்த விழுதைத் தண்ணீரில் கரைத்து, பாலை முழுதும் கறந்து மடியைக் கழுவிய பின், நாளைக்குப் பத்து முறை ஐந்து நாட்கள் தடவுவதைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. நானும் இதில் நல்ல பலன் கண்டிருக்கிறேன். ஆனால் மடி கல்லாகி, காய்ச்சலும் வந்துவிட்டால் விழுதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. ஊசி போட்ட பிறகு மருத்துவர் சொல்லும் நாட்கள் வரை பாலைப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது; அதைப் பிள்ளைகள்தான் குடிக்கப்போகிறார்கள். கறந்து முடித்ததும் அரை மணி நேரம் மாடு படுக்காமல் இருக்கும்படி தீனி போட்டு வைத்தால், திறந்திருக்கும் காம்புத் துளை மூடிக்கொள்ளும், கிருமி ஏறாது.

தொற்று நோய்களுக்கு மருந்தைவிடத் தடுப்பூசிதான் வழி. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசே இலவசமாகப் போடுகிறது. ஊசி போட்டால் பால் குறையும் என்று மாட்டைக் காட்டுக்கு ஓட்டிச் சென்று மறைப்பவர்களை நானே தேடிப் போயிருக்கிறேன். குறைவது சில நாட்களுக்குத்தான், கோமாரி வந்தாலோ இளங்கன்று இதயம் தாக்கப்பட்டுச் சாகும், பசு பழைய கறவைக்குத் திரும்பாமலே போகலாம். நம் பாட்டன்மார் நடுங்கிய வெக்கை நோய் 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது தடுப்பூசியால்தான். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் 1987-இல் கண்டறியப்பட்டது நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில். அதற்கு ஒரு முறை போடும் ஊசி மூன்று ஆண்டுகள் காக்கிறது. போச்சம்பள்ளிச் சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டிவைத்த பிறகே பட்டியில் சேர்க்கச் சொல்லுங்கள். நாட்டுக்கோழிகளை மொத்தமாகக் கொண்டுபோகும் வெள்ளைக் கழிச்சலுக்கும் ஊசி மட்டுமே உண்டு.

நலமாக இருந்த மாடு திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். தோலை உரிக்கவோ, அறுக்கவோ, இறைச்சியைப் பங்கிடவோ கூடாது. மருத்துவருக்குச் சொல்லி, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். கன்று வீசிய, அதாவது குறை மாதத்தில் கருவைத் தள்ளிய, மாட்டின் நஞ்சுக்கொடியையும் நம் தாய்மார்கள் வெறுங்கையால் எடுக்கக் கூடாது. மனிதருக்கு மாதக்கணக்கில் காய்ச்சல் தரும் கிருமி அதில் இருக்கக்கூடும்.

கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அம்மாவின் கைபேசியில் அதைப் பதிந்து கொடுப்பதோடு, மாட்டுக் கொட்டாய்ச் சுவரிலும் பெரிய எழுத்தில் கரியால் எழுதச் சொல்லுங்கள்.

பொங்கலுக்கு ஊர் செல்வோர் ஆளுக்கு இரண்டு வெப்பமானி வாங்கிச் சென்றால் நம் ஊரில் மாடு வளர்க்கும் வீடுகளுக்கெல்லாம் போதும். யார் யார் செல்கிறீர்கள் என்பதையும், உங்கள் வீட்டில் நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரை வயதுள்ள கிடாரிக் கன்றுகள் எத்தனை என்பதையும் இம்மடலுக்குப் பதிலாக எழுதுங்கள். கன்று வீச்சு நோய்க்கான ஊசியை அந்த வயதில் ஒரே ஒரு முறைதான் போட முடியும்; பட்டியலை நம் கால்நடை மருந்தக மருத்துவரிடம் நான் பேசிக் கொடுத்துவிடுகிறேன்.