கோடையில் பெரிய லேக் ட்ரவுட்: எந்த ஆழம், எந்தத் தூண்டில்?

தூண்டில்காரன்:
வணக்கம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து உள்நாட்டு ஏரிகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் லேக் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்குப் போகிறேன். 2 முதல் 4 பவுண்டு மீன் கிடைக்கிறது, 15, 20 பவுண்டு மட்டும் அகப்படுவதே இல்லை. படகில் இரண்டு டவுன்ரிக்கர் (கம்பியில் கட்டிய குண்டால் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவி), அவற்றுக்கு 10 பவுண்டு குண்டு, மீனை ஒலியால் கண்டு திரையில் காட்டும் சோனார் இருக்கின்றன. 50 அடியில் 3 அங்குல ஸ்பூனை (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) மணிக்கு 2.5 மைல் வேகத்தில் இழுக்கிறேன். சோனாரில் 80, 90 அடியில் தரையை ஒட்டிப் பெரிய வளைவுகள் தெரிந்தும் கடி இல்லை. மாற்ற வேண்டியது ஏரியையா, ஆழத்தையா, தூண்டிலையா? ஜிக் (எடைத்தலை வைத்து, நேராக இறக்கித் தூக்கி ஆட்டும் போலி இரை) போடுவதென்றால் என்னென்ன வேண்டும்? பெரியது மாட்டினால் திருப்பி விடத்தான் போகிறேன், அதற்கும் வழி சொல்லுங்கள்.

ஆழம்பார்ப்பவன்:
முதலில் ஏரியைப் பாருங்கள் தம்பி. மிதவை உயிர்களையும் மைசிஸ் என்ற சின்ன இறாலையும் மட்டும் தின்னும் ட்ரவுட், எத்தனை வயதானாலும் சின்னதாகவே நின்றுவிடும். ஸிஸ்கோ, வைட்ஃபிஷ், ஸ்மெல்ட் போன்ற இரைமீன்கள் இருக்கிற ஏரியில்தான் பெரிய மீன் உருவாகும். அல்கோன்குவின் பூங்காவின் ஒப்பியாங்கோ ஏரியில் 1948-இல் ஸிஸ்கோவைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அங்கே ட்ரவுட்டின் வளர்ச்சி கூடியது. உங்கள் ஏரியில் யாருக்குமே 4 பவுண்டுக்கு மேல் விழுவதில்லை என்றால் வேறு ஏரி தேடுங்கள். தூண்டிலை மாற்றிப் பயனில்லை.

சோனாரை நம்புவதிலும் ஒரு கவனம் தேவை. வளைவு நீளமாக இருப்பதால் மீன் பெரிது என்று ஆகாது. படகு மெதுவாகப் போனால் சின்ன மீனும் சோனாரின் ஒலிக் கூம்புக்குள் நெடுநேரம் நின்று நீளமாகக் கோடு போடும். கோட்டின் தடிமனைப் பாருங்கள்.

ஆழத்தை முடிவு செய்வது வெப்பநிலைதான். லேக் ட்ரவுட் விரும்புவது 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய நீர், ஆக்ஸிஜனும் நன்றாக இருக்க வேண்டும். மேலே 22 டிகிரி இருக்கும்போது, 25 முதல் 45 அடிக்குள் எங்கோ ஓரிடத்தில் நீர் சட்டென்று குளிரும். சோனாரின் உணர்திறனைக் கூட்டினால் அந்த அடுக்கு மங்கலான பட்டையாகத் தெரியும். வெப்பமானியைக் கயிற்றில் இறக்கி அளந்தால் இன்னும் உறுதி. ஒரே திசையில் இரண்டு நாள் பலமாகக் காற்று அடித்தால் வெந்நீர் காற்று போகும் கரையில் குவிந்து, எதிர்க்கரையில் குளிர்நீர் மேலேறும். நேற்றைய ஆழம் இன்று பொய்த்துப்போவது பெரும்பாலும் இதனால்தான், ஆகவே ஒவ்வொரு முறையும் அளந்துவிட்டு இறக்குங்கள்.

பெரிய மீன் அந்தக் குளிர் அடுக்குக்குக் கீழே, ஸிஸ்கோ கூட்டத்துக்கு அடியிலோ தரையிலோ கிடக்கும். சுற்றிலும் 120 அடி ஆழம், நடுவில் 70 அடிக்கு எழும் மேடு, அல்லது முனையிலிருந்து செங்குத்தாக இறங்கும் சரிவு: இந்த இரண்டையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இழுவையில் வேகத்தை 1.5 முதல் 1.8 மைலாகக் குறையுங்கள். 3 அங்குல ஸ்பூனை எடுத்துவிட்டு 5, 6 அங்குலத்துக்குப் போங்கள். கடி குறையும், அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். குண்டு தரையிலிருந்து 5 அடி மேலே போகட்டும். மீன் மேல்நோக்கி வந்து இரை எடுக்கும், கீழே குனியாது. இன்னொன்று: டவுன்ரிக்கர் கம்பி பின்னால் 30 டிகிரி சாய்ந்திருந்தால், கம்பியின் நீளம் காட்டும் மீட்டர் 100 அடி காட்டினாலும் குண்டு இருப்பது ஏறக்குறைய 87 அடியில்தான். 90 அடியில் கிடக்கும் மீன் உங்களைக் கவனிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். குண்டை 12 பவுண்டாக்குங்கள். நேர்கோட்டில் ஓட்டாமல் பாம்புபோல் வளைத்து ஓட்டினால், வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுக்கும், உள்பக்கத்தது தணிந்து இறங்கும். எந்தப் பக்கம் கடிக்கிறதோ அதற்கேற்ப வேகத்தை வையுங்கள்.

ஜிக்_ராஜா:
தரையோடு கிடக்கிற மீனுக்கு ஜிக்தான் நேரான வழி. 7 அடி மீடியம் ஹெவி ராட், 20 பவுண்டு பின்னல் நூல், முனையில் 8 அடி ஃப்ளூரோகார்பன் 15 பவுண்டு. நைலான் நூல் வேண்டாம். 90 அடியில் அது இழுபட்டு நீளும், நீங்கள் சுண்டுவது கொக்கிக்குப் போய்ச் சேராது. இரண்டு நூலுக்கும் நடுவே ஒரு பால்பேரிங் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) கட்டாயம். ட்யூப் (குழாய் வடிவ மென்மையான போலி இரை) சுழன்றபடியே இறங்குவதால், அது இல்லாவிட்டால் நூல் முறுக்கேறிச் சிக்கும். 5 அங்குல வெள்ளை ட்யூப், ஒன்று முதல் ஒன்றரை அவுன்ஸ் தலை, 5/0 கொக்கி. டிராக்கை (மீன் இழுத்தால் ரீல் நூலை விடும் இறுக்கம்) ஊகத்தில் வைக்காமல் வில் தராசு மாட்டி இழுத்து 4, 5 பவுண்டில் வையுங்கள்.

சோனார் கூம்பு 20 டிகிரி என்றால் 100 அடி ஆழத்தில் அது 35 அடி அகலத்தைப் பார்க்கும். திரையில் தெரிகிற மீன் ஜிக்கிலிருந்து பதினைந்து அடி தள்ளி இருக்கலாம். காற்றில் நகரும் படகை மோட்டாரால் நிறுத்தி, நூல் செங்குத்தாக விழுகிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் ஜிக் திரையில் வராது, அந்த முறை வீண்தான்.

தரையைத் தொட்டதும் இரண்டு முறை தூக்கிப் போடுங்கள், பிறகு சீராகச் சுருட்டுங்கள்.

தூண்டில்காரன்:
நன்றி அண்ணா. சிலவேளை மீன் ஜிக்கைத் துரத்திக்கொண்டு 30 அடி வரை மேலேறுவது திரையில் கோடாகத் தெரிகிறது, பிறகு திரும்பிவிடுகிறது. நான் அங்கே நிறுத்தி ஆட்டிக் காட்டுகிறேன். சரியா?

ஜிக்_ராஜா:
நிறுத்தவே கூடாது. ஓடுகிற ஸிஸ்கோ நின்று திரும்பிப் பார்க்காது. மீன் நெருங்கும்போது வேகத்தைக் கூட்டுங்கள், படகடி வரை சுருட்டுங்கள். கோடு விலகத் தொடங்கினால் உடனே ரீலின் பெயிலைத் (நூலைத் தடுத்து நிறுத்தும் வளைகம்பி) திறந்து 20 அடி விழவிட்டு மறுபடி சுருட்டுங்கள். பல கடிகள் அந்த விழுதலில்தான் வரும், நூல் திடீரென்று தளர்ந்தால் சுண்டிவிடுங்கள்.

வடகரை:
மேலே சொன்ன ஆழக் கணக்கை வடகனடாவின் கிரேட் பேர், கிரேட் ஸ்லேவ் ஏரிகளுக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். கிரேட் பேரில் ஜூலையிலும் பனிக்கட்டி மிதக்கும், நடு ஏரி முழுக் கோடையும் குளிராகவே இருக்கும். அங்கே மீன் தேடுவது கொஞ்சம் இளஞ்சூடான நீரை: குடாக்கள், ஆற்று முகங்கள், 10 முதல் 30 அடி. 1995-இல் பதிவான 72 பவுண்டு உலகச் சாதனை மீன் அந்த ஏரியில் பிடிபட்டதுதான்.

கரைவலை:
தம்பி, விடுறதைப் பற்றிக் கேட்டீங்கள், அது நல்ல விசயம். வடக்கு ஏரிகளில் 50 வயசு தாண்டின மீனும் இருக்கு, ஒண்டு போனால் அந்த இடத்துக்கு இன்னொண்டு வரக் கனகாலம் எடுக்கும்.

லேக் ட்ரவுட்டின்ர காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் குழாய் இருக்கு. மேல வரேக்க அதுவே காற்றை விடும், தண்ணியில குமிழ் வாறதைக் காணலாம். கடைசி 40 அடியை மெதுவாக் கொண்டுவாங்கோ, குமிழ் வர நேரம் குடுங்கோ. வயிறு ஊதியிருந்தால் நனைஞ்ச கையால கழிவுத்துளையில இருந்து தலைப்பக்கமா மெல்லத் தடவிவிடுங்கோ. ஊசி குத்தவே கூடாது.

ரப்பர் வலை பாவியுங்கோ, முடிச்சு நூல் வலை சளியை உரிச்சுப்போடும். ஸ்பூனில வாற மும்முனைக் கொக்கியைக் கழட்டிப்போட்டு முள் நசுக்கின ஒற்றைக் கொக்கி மாட்டினால் கழட்டுறது சுகம். கமரா தயாராகும்வரை மீன் வலைக்குள்ள, தண்ணிக்குள்ளயே நிக்கட்டும். தூக்கேக்க ஒரு கை வாலடியில, மறு கை நெஞ்சுக்குக் கீழ, படுக்கைவாட்டில; தாடையில தொங்கவிட்டால் உள்ளுறுப்பு சேதமாகும். மேல்தண்ணி 20 டிகிரிக்கு மேல எண்டால் படமும் வேண்டாம், கொக்கியைக் கழட்டித் தலை கீழ்நோக்கி இருக்கத் தண்ணிக்குள்ள விட்டுவிடுங்கோ, குளிருக்கு அதுவே இறங்கும்.

சாப்பிட எடுக்கிறதெண்டால் 2, 3 பவுண்டு மீன் எடுங்கோ. பெரிய மீனில பாதரசம் கூட. ஒன்டாரியோ அரசின்ர மீன் உண்ணும் வழிகாட்டியில ஏரிவாரியா, நீளவாரியாப் போட்டிருக்கு. பல பகுதிகளில செப்டெம்பர் கடைசியோட சீசன் மூடும், உங்கட வலயத்தின்ர விதியைப் பாருங்கோ.

எடைக்குத் தராசில தூக்கத் தேவையில்லை. நீளத்தையும் சுற்றளவையும் அங்குலத்தில எடுங்கோ. சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800-ஆல பிரிச்சால் பவுண்டு வரும். 36 அங்குல நீளம், 22 அங்குலச் சுற்றளவு எண்டால் கிட்டத்தட்ட 22 பவுண்டு.